மோட்டார் வண்டியின் மஞ்சள் விளக்கு

மோட்டார் வண்டி ஓட்டுவோர் பலரும் என்றேனும் ஒருநாள் காண நேரிடும் சிறு விளக்கொன்றைப் பற்றி இன்று உங்களோடு பேச எண்ணுகிறேன். வேகங்காட்டும் கருவியின் அருகே, எஞ்சினின் உருவத்தைக் கோட்டோவியமாகத் தாங்கி, மஞ்சள் நிறத்தில் எரியும் விளக்கு அது. நம்மவர் அதனைச் 'செக் எஞ்சின் லைட்' என்பர். அது எரிந்தவுடன் சிலர் அஞ்சி நடுங்குவர். சிலர் அதனைப் பாராதவர் போலப் பல மாதங்கள் ஓட்டுவர். வேறு சிலர் அதன்மேல் கறுப்பு நாடாவொன்றை ஒட்டிவிட்டு மனநிறைவு கொள்வர். இம்மூன்றும் தவறான வழிகளே. அவ்விளக்கு என்ன கூறுகிறது, அதனைக் கேட்டு வீட்டிலேயே நாம் செய்யத்தக்கவை யாவை, செய்யத்தகாதவை யாவை என்பனவற்றை முறையாக நோக்குவோம்.

நான் பொறியியல் கற்றவனல்லன், கலைப் பட்டதாரி, அரசினர் பாடசாலையொன்றின் அதிபர். இவ்விஷயத்தில் எனக்குள்ள சிறிதளவு அறிவும் நட்டப்பட்டுப் பெற்ற அறிவாகும். ஆதலின் அந்த நட்டத்தின் கதையையே முதலிற் கூறிவிடுகிறேன்.

புத்தளத்தில் நடைபெற்ற கூட்டமொன்றிற்குச் சென்று, மாலையில் சிலாபம் திரும்பிக்கொண்டிருந்தேன். மதுரங்குளியையும் முந்தலையும் கடந்து பத்துளு ஓயாவை நெருங்கும் வேளையில் அவ்விளக்கு எரிந்தது. வண்டியின் ஓட்டத்தில் பெரிய மாறுதல் எதுவுமில்லை. நின்று புறப்படும்போது மட்டும் சற்றே தயங்கிற்று. மறுநாள் பழுதுபார்க்குமிடமொன்றுக்குக் கொண்டு சென்றேன். அங்கிருந்தவர் சிறு கருவியொன்றைப் பொருத்திப் பார்த்து, ஒட்சிசன் சென்சர் பழுதாகிவிட்டது என்றார், புதியதொன்றைப் பூட்டினார். விளக்கும் அணைந்தது. என் மகளின் பல்கலைக்கழக விடுதிச் செலவுக்கென ஒதுக்கி வைத்திருந்த தொகையிற் பெரும்பகுதி அன்று கைமாறிற்று. ஐந்தாம் நாள், தெதுறு ஓயாப் பாலத்தின் மேற் செல்லும்போது, அதே விளக்கு மீண்டும் எரிந்தது.

புதிய சென்சர் பூட்டிய பின்னரும் விளக்கு ஏன் எரிந்தது? பழுது நீங்காதிருக்க, இடைப்பட்ட நாள்களில் அது ஏன் அணைந்திருந்தது? இவ்விரு வினாக்களுக்கும் விடை காணவேண்டுமாயின், அவ்விளக்கு பிறந்த வரலாற்றைச் சிறிது அறிதல் வேண்டும்.

1943ஆம் ஆண்டு யூலை மாதத்தில் அமெரிக்காவின் லொஸ் ஏஞ்சலிஸ் நகரைக் கண்ணைக் கரிக்கும் புகைமூட்டம் சூழ்ந்தது. போர்க்காலமாதலின், பகைவர் நச்சுப்புகை வீசினரோ என்றும் மக்கள் ஐயுற்றனர். பின்னர் இதன் மூலத்தைக் கண்டறிந்தவர் ஆரி ஹாகன்-ஸ்மிட் என்னும் இரசாயன அறிஞர். ஒல்லாந்திற் பிறந்து கலிபோர்னியாவிற் பணியாற்றிய அவர், அன்னாசிப் பழத்தின் நறுமணம் எப்பொருள்களால் உண்டாகிறது என்று ஆராய்ந்துகொண்டிருந்தவர். காற்றிற் கலந்த நுண்பொருள்களைப் பிரித்தறியும் அதே திறமையை அவர் புகைமூட்டத்தின்மேற் செலுத்தினார். வண்டிகளிலிருந்தும் எண்ணெய் சுத்திகரிப்பு நிலையங்களிலிருந்தும் வெளியேறும் ஐதரோகாபன்கள், நைதரசன் ஒட்சைட்டுகளோடு சேர்ந்து, சூரிய ஒளியில் வினைபுரிந்து ஓசோன் முதலிய தீய பொருள்களை உண்டாக்குகின்றன என்பதை 1950களின் தொடக்கத்தில் அவர் நிறுவினார். 1967இல் அமைக்கப்பட்ட கலிபோர்னிய வளிவளச் சபையின் முதற்றலைவரும் அவரே.

அச்சபை வகுத்த விதிகளின் பயனாகவே, 1988ஆம் ஆண்டு மாதிரி வண்டிகள் தொடக்கம், தம் பழுதைத் தாமே கண்டறிந்து விளக்கேற்றும் ஏற்பாடு அம்மாநிலத்திற் கட்டாயமாயிற்று. 1996 மாதிரி தொடக்கம் அமெரிக்கா முழுவதிலும் விற்கப்பட்ட கார்களுக்கு, ஒரே வடிவான செருகுவாயும் ஒரே வகையான பழுதுக் குறியீடும் விதிக்கப்பட்டன. 2001 முதல் ஐரோப்பாவும் புதிய பெற்றோல் கார்களுக்கு இதனையொத்த விதியைக் கொண்டுவந்தது. நம் நாட்டுத் தெருக்களில் மிகுதியாகக் காணப்படும் யப்பானிய வண்டிகளிலும் இவ்வமைப்பு இன்று இடம்பெற்றுள்ளது.

இவ்வரலாற்றிலிருந்து அறியத்தக்கது யாதெனின், அவ்விளக்கு முதன்முதலில் வண்டிக்காரரின் பணப்பையைக் காப்பதற்காக ஏற்றப்படவில்லை. அவர் பின்னே சைக்கிளில் வருபவரின் நெஞ்சைக் காப்பதற்காகவே ஏற்றப்பட்டது. நம் நாட்டிலும் 2002இல் ஈயங்கலந்த பெற்றோல் கைவிடப்பட்டது. 2008இல் வாகனப் புகைப் பரிசோதனை தொடங்கிற்று. விளக்கின்மேல் நாடா ஒட்டுபவர், தம் கண்ணை மறைப்பதோடு அயலவரின் மூச்சுக்கும் கேடு செய்கிறார்.

இனி, அது செயற்படும் முறையைப் பார்ப்போம். பெற்றோல் முற்றாக எரிவதற்கு, ஒரு பங்கு பெற்றோலுக்கு நிறையளவில் ஏறக்குறைய 14.7 பங்கு காற்று வேண்டும். எஞ்சினுட் செல்லும் காற்றை ஒரு சென்சர் அளக்கிறது. அவ்வளவுக்கேற்ற பெற்றோலைக் கணினி உள்ளே விடுகிறது. புகைக்குழாயில் நிற்கும் ஒட்சிசன் சென்சர், எரிந்தபின் எஞ்சியிருக்கும் ஒட்சிசன் எவ்வளவென்று பார்த்துக் கணினிக்கு உடனுக்குடன் அறிவிக்கிறது. குறையிருப்பின் கணினி திருத்துகிறது. திருத்தும் எல்லை கடந்துவிட்டால் அதனைத் தன் நினைவிற் பதிந்துகொள்கிறது. பெரும்பாலான பழுதுகளுக்கு, ஒரு முறை கண்டவுடன் விளக்கை ஏற்றாது, அடுத்த ஓட்டத்திலும் அதே குறை காணப்பட்ட பின்னரே ஏற்றும். நினைவை அழித்துவிட்டால் விளக்கு அணையும். பழுது அகலாவிடின் சில ஓட்டங்களுக்குப் பின்னர் மீண்டும் எரியும். என் வண்டியின் விளக்கு இடையில் அணைந்திருந்ததன் காரணம் இதுவே. புதிய சென்சரைப் பூட்டியவர் நினைவையும் அழித்திருந்தார். அணைந்த விளக்கை நான் குணமென்று மயங்கினேன்.

விளக்கு எரிந்தால் முதலிற் செய்யவேண்டியது, அதன் நிறத்தையும் எரியும் விதத்தையும் உற்றுநோக்குதலாகும். எண்ணெய்க்குப்பியின் வடிவான சிவப்பு விளக்கோ, வெப்பமானியின் வடிவான சிவப்பு விளக்கோ எரியுமாயின், தெருவோரத்தில் வண்டியை நிறுத்தி எஞ்சினை உடனே அணைத்தல் வேண்டும். அங்கே ஒரு மைல் ஓடிப் பார்ப்போம் என்னும் துணிவு எஞ்சினையே அழித்துவிடக்கூடும். மஞ்சள் விளக்கு நிலையாக எரிந்து, வண்டியும் இயல்பாக ஓடுமாயின், அச்சமின்றி மெல்ல வீடு சேரலாம்; சில நாள்களுக்குள் காரணத்தை ஆராய்தல் வேண்டும்.

அதே மஞ்சள் விளக்கு விட்டுவிட்டு மின்னுமாயின், அது வேறு செய்தி. ஏதோவொரு சிலிண்டரிற் பெற்றோல் எரியாது வெளியேறுகிறது என்பதே அதன் பொருள். அந்தப் பெற்றோல் புகைக்குழாயிலுள்ள ஊக்கி மாற்றியை அடைந்து அங்கே எரியும். தேனடை போன்ற துளைகளையுடைய அப்பாகத்தினுள்ளே பிளாற்றினம், பலேடியம், ரோடியம் ஆகிய அருமையான உலோகங்கள் பூசப்பட்டுள்ளன. மிகுந்த வெப்பத்தால் அத்தேனடை உருகிப்போகும். அதன் விலையோ சாதாரணச் சம்பளக்காரர் தாங்கத்தக்கதன்று. ஆகவே விளக்கு மின்னினால் வேகத்தை உடனே குறைத்து, விரைவில் நிறுத்துங்கள். எங்கள் பகுதியார் இன்னொன்றையும் கவனித்தல் நன்று: அவ்வாறு சூடேறிய வண்டியைக் காய்ந்த தென்னோலைகளின் மேலோ உலர்ந்த புல்லின் மேலோ நிறுத்தலாகாது, தீப்பற்றக்கூடும்.

வீடு சேர்ந்து, எஞ்சின் ஆறிய பின்னர், ஆராய்ச்சியைத் தொடங்கலாம். அதற்கு முதலில் வேண்டியது ஓர் அப்பியாசக் கொப்பியும் பென்சிலுமே. விளக்கு எப்போது எரிந்தது, வண்டி அப்போது ஏறியதா, இறங்கியதா, மழை பெய்ததா, அண்மையிற் பெற்றோல் நிரப்பியது எங்கே, யார் இறுதியாகப் பொனட்டைத் திறந்தார், எதற்காகத் திறந்தார் என்பனவற்றை எழுதுங்கள். மிகவும் எளிதாகத் தோன்றும் அந்தக் கடைசி வினாவின் அருமையைப் பின்னர் கூறுவேன்.

அடுத்து, கண்ணால் ஆராயுங்கள். பற்றரியின் முனைகள் தளர்ந்துள்ளனவா, அவற்றிற் களிம்பு படிந்துள்ளதா என்று பாருங்கள். களப்பும் கடலும் சூழ்ந்த சிலாபம் போன்ற ஊர்களில் உவர்க்காற்று செம்பைப் பச்சைக் களிம்பாக்கிவிடும்; வயர்கள் பொருந்தும் செருகிகளினுள்ளும் அது நுழையும். ஓய்ந்திருக்கும் நல்ல பற்றரி ஏறக்குறைய 12.6 வோல்ற்றும், எஞ்சின் ஓடும்போது 14 வோல்ற்றை அண்மியும் காட்டும். மின்வலு குறைந்தால், நலமாயுள்ள பாகங்களைப் பற்றியும் கணினி முறையிடத் தொடங்கும். இனி, தென்னை முக்கோணம் எனப்படும் எங்கள் பிரதேசத்தில் எலிகளுக்குக் குறைவில்லை. தோட்டத்தோரம் நிறுத்திய வண்டியின் வயர்களை அவை கடித்து வைப்பதுண்டு. ரப்பர்க் குழாய்களில் வெடிப்பு உண்டா, காற்று வடிகட்டிப் பெட்டி சரியாக மூடப்பட்டுள்ளதா என்பனவற்றையும் பாருங்கள்.

பெற்றோற் தாங்கியின் மூடி தளர்ந்திருந்தால் விளக்கு எரியுமென்று பலர் கூறக் கேட்டிருப்பீர்கள். அது அமெரிக்கச் சந்தைக்கென ஆக்கப்பட்ட வண்டிகளுக்கே பெரிதும் பொருந்தும். தாங்கியிலிருந்து ஆவி கசிகிறதா என்று சோதிக்கும் ஏற்பாடு அவ்வண்டிகளில் உண்டு. நம்மிடையே ஓடும் வண்டிகள் பலவற்றில் இல்லை. மூடியை இறுக்கிப் பார்ப்பதில் நட்டமில்லை. அதனையே முழுதும் நம்பியிருத்தலாகாது.

மூன்றாவதாக, குறியீட்டை வாசித்தல். ஸ்கேனர் எனப்படும் சிறு கருவியொன்றை நண்பர் சிலர் கூட்டாக வாங்கி வைத்துக்கொள்ளலாம். கைத்தொலைபேசியோடு புளூடூத் வழியாகத் தொடர்புறும் வகையும் உண்டு. ஸ்டியரிங்கின் கீழே, டாஷ்போட்டின் அடிப்புறத்தில், பதினாறு ஊசிகளுக்கான செருகுவாயைக் காண்பீர்கள். கருவியை அதிற் செருகி, எஞ்சினை ஓட்டாது சாவியை மட்டும் திருப்பி, தோன்றும் குறியீடுகளை எல்லாம் கொப்பியில் எழுதுங்கள். எழுதுமுன் எதையும் அழிக்காதீர்கள். நினைவை அழிப்பது சாட்சியத்தைத் தீயிலிடுவதற்கு ஒப்பாகும்.

குறியீடு ஓர் ஆங்கில எழுத்தையும் நான்கு இலக்கங்களையும் உடையது. இலக்கங்களை மட்டும் கருதுவோம். முதல் இலக்கம் பூச்சியமாயின் அது எல்லா வண்டிகளுக்கும் பொதுவான குறியீடு; ஒன்றாயின் அந்தந்த நிறுவனம் தனியே வகுத்தது. இரண்டாம் இலக்கம் ஒன்றோ இரண்டோ ஆயின் காற்றும் பெற்றோலும் சார்ந்தது. மூன்றாயின் தீமூட்டல் சார்ந்தது. நான்காயின் புகைக் கட்டுப்பாடு சார்ந்தது. ஏழாயின் கியர்ப்பெட்டி சார்ந்தது. சான்றாக, 0301 என்பது முதலாம் சிலிண்டரிற் பெற்றோல் சரிவர எரியவில்லை என்பதைக் குறிக்கும். 0420 என்பது ஊக்கி மாற்றியின் திறன் குறைந்ததாகத் தோன்றுகிறது என்பதைக் குறிக்கும்.

'தோன்றுகிறது' என்னும் சொல்லை வேண்டுமென்றே கூறினேன். குறியீடு தீர்ப்பன்று, சாட்சியின் வாக்குமூலம் மட்டுமே. யார் முறையிட்டார் என்பதை அது கூறும். குற்றவாளி யார் என்பதை நாமே ஆராய்ந்து காணவேண்டும். 0301 என்னும் குறியீடு கிடைத்தால் அதனை ஆராயும் அழகான வழியொன்றுண்டு. எஞ்சினை அணைத்து, நன்றாக ஆறவிட்டு, முதலாம் சிலிண்டரின் மேலுள்ள கொயிலை மூன்றாம் சிலிண்டருக்கும் அங்குள்ளதை இங்குமாக மாற்றிப் பூட்டுங்கள். குறியீடு 0303 என மாறினால் கொயிலே குற்றவாளி. மாறாது நின்றால் கொயில் நிரபராதி. பிளக்கையோ பெற்றோல் தூவியையோ பார்க்கவேண்டும். ஒரு காரணத்தை மட்டும் மாற்றி மற்றவற்றை அவ்வாறே வைத்துப் பார்க்கும் இம்முறையை நம் மாணவர் விஞ்ஞான பாடத்திற் கற்கின்றனர்; வீட்டு முற்றத்தில் அதனைப் பயன்படுத்த நாம்தாம் மறந்துவிடுகிறோம்.

இனி, என் வண்டிக்கு வருவோம். நீர்கொழும்பில் வாகனத் தொழில் செய்யும் என் பழைய மாணவர் ஒருவர், முன்னேசுவரத் திருவிழாவுக்கு வந்தவிடத்து என் வீட்டிற்கும் வந்தார். குறியீட்டை வாசித்தார், 0171 என்றிருந்தது. பெற்றோலின் அளவுக்குக் காற்று மிகுந்துள்ளது என்பது அதன் பொருள். பொனட்டைத் திறக்குமுன் அவர் ஒரு வினா மட்டும் கேட்டார்: "சேர், இதைக் கடைசியாகத் திறந்தது யார்?"

நானே திறந்தேன். புத்தளம் செல்வதற்கு முந்திய சனிக்கிழமை, காற்று வடிகட்டியைத் துப்புரவு செய்வதற்காகக் குழாயைக் கழற்றி, மீண்டும் பொருத்தினேன். ஆனால் அதனைச் சுற்றியுள்ள வளையத்தை இறுக்க மறந்துவிட்டேன். அவர் குழாயைக் கையால் அசைத்தார், அது ஆடிற்று. திருகாணி முடுக்கியால் இரண்டு நிமிடத்தில் இறுக்கினார். அன்று அணைந்த விளக்கு பின்னர் எரியவில்லை. கூலி எதுவும் அவர் பெறவில்லை. தேநீர் மட்டும் அருந்தினார்.

நடந்ததை ஒரு பாடசாலை உவமையால் விளக்குகிறேன். வாயிலில் நிற்கும் ஆசிரியர் எண்பது பிள்ளைகள் வந்ததாக இடாப்பிற் குறிக்கிறார். வேலியிலுள்ள பொத்தல் வழியே மேலும் பத்துப் பிள்ளைகள் உள்ளே வந்துவிடுகின்றனர். சமையல் செய்பவர் இடாப்பைப் பார்த்து எண்பது பேருக்கே சோறாக்குகிறார். பரிமாறுகிறவர் வந்து, "ஐயா, சோறு போதவில்லை" என்கிறார். அதிபராகிய நான், உண்மை சொன்ன பரிமாறுகிறவரை நீக்கிவிட்டுப் புதியவரை அமர்த்தினால் மறுநாள் சோறு போதுமா? வாயிலில் நின்றவர் காற்றை அளக்கும் சென்சர். வேலிப் பொத்தல் தளர்ந்த குழாய். பரிமாறுகிறவர் ஒட்சிசன் சென்சர். எய்தவன் இருக்க அம்பை நோவதேன் என்பார்கள். நான் அம்பை நொந்ததோடு நில்லாது, பணம் கொடுத்து அதனை மாற்றியும் விட்டேன்.

நேயர்களே, அந்தப் பழுதுபார்ப்பவர் என்னை ஏமாற்றினார் என்றே அதுவரை நினைத்திருந்தேன். இரண்டொருவரிடம் அவ்வாறு கூறியுமிருந்தேன். உண்மை அதுவன்று. அவர் ஆராயாது தீர்ப்பளித்தது தவறே. ஆயின், வடிகட்டியை நான் கழற்றியதை அவரிடம் நான் சொல்லவுமில்லை. அவரிடம் சென்று நடந்ததைக் கூறினேன். கழற்றிய பழைய சென்சரை அவர் எறியாது வைத்திருந்தார், அதனைத் தந்தார். அது இப்போது எங்கள் பாடசாலை ஆய்வுகூடத்தில் இருக்கிறது. அதன் கீழே 'குற்றமற்ற சாட்சி' என்று எழுதி வைத்திருக்கிறேன்.

வீட்டிற் செய்யத்தகாதவற்றையும் சுருக்கமாகக் கூறவேண்டும். மூடிய கொட்டகையினுள் எஞ்சினை ஓடவிடாதீர்கள்; மணமும் நிறமுமற்ற காபனோரொட்சைட்டு உயிரைப் பறிக்கும். பெற்றோல் மணம் வீசினால் தீக்குச்சியையும் கருவிகளையும் அகற்றிவிட்டுத் தெரிந்தவரை அழையுங்கள். எஞ்சின் ஓடும்போது கொயில்களைத் தொடாதீர்கள். ஹைபிரிட் வண்டிகளிற் செம்மஞ்சள் நிற வயர்களை எக்காரணத்தைக் கொண்டும் தீண்டலாகாது. அவற்றில் நூறு வோல்ற்றுக்கும் மேற்பட்ட மின்சாரம் ஓடுகிறது. கண்ணாற் காணும் குறை எதுவும் இல்லையெனின், கொப்பியை எடுத்துக்கொண்டு நல்ல மெக்கானிக்கிடம் செல்லுங்கள். பாகத்தின் பெயரைச் சொல்லி மாற்றித் தரக் கேளாதீர்கள். குறியீட்டையும் கண்டவற்றையும் சொல்லி, காரணத்தைக் காட்டும்படி கேளுங்கள்.

நம் நாட்டில் 2020 மார்ச்சு மாதத்தில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியிலேயே மீண்டும் அனுமதிக்கப்பட்டது. அந்த ஐந்தாண்டும் பழைய வண்டிகளே நமக்குக் கைகொடுத்தன. இன்றும் பலர் பழைய வண்டிகளையே வாங்குகின்றனர். வாங்குவோர் ஒன்றைச் சோதித்தறிக: சாவியைத் திருப்பியதும் அம்மஞ்சள் விளக்கு எரியவேண்டும்; எஞ்சின் ஓடத் தொடங்கியதும் அணையவேண்டும். முதலிலேயே எரியாவிட்டால், அதனை யாரோ ஊமையாக்கியிருக்கலாம். ஸ்கேனரைப் பொருத்தும்போது, கணினியின் உட்சோதனைகள் பல இன்னும் முடியவில்லை என்று காட்டினால், நினைவு அண்மையில் அழிக்கப்பட்டதோ என்று ஐயுறலாம்.

பழுது திருந்திய பின்னர் விளக்கை அணைக்க அவசரப்படவும் வேண்டியதில்லை. தொடர்ந்து மூன்று ஓட்டங்களிற் குறை காணப்படாவிடின், பெரும்பாலும் அது தானே அணைந்துவிடும். அவ்வாறு அணையும் விளக்கையே நம்பலாம்.

மஞ்சள் விளக்கைக் கண்டால் அஞ்சாதீர்கள், அலட்சியமும் செய்யாதீர்கள். கொப்பியைத் திறந்து, முதல் வரியில், 'இதைக் கடைசியாகத் திறந்தது யார்?' என்று எழுதுங்கள். விடை உங்கள் பெயராகவே இருப்பினும் அதனை மறையாது எழுதுங்கள்.